இண்டெக்ஸ் போட்டாச்சு, அப்புறமும் ஏன் குவெரி ஊர்கிறது?

டேபிள் பெரிதாகிவிட்டது, திரை திறக்கவே நேரம் பிடிக்கிறது, யாரோ ஒருவர் "இண்டெக்ஸ் போட்டுப் பாரேன்" என்கிறார், போட்டாயிற்று, ஆனால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டேட்டாபேஸோடு புதிதாகப் பழகுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது வந்து நிற்கிற இடம் இது. அடுத்து என்ன செய்வார்கள்? இன்னொரு இண்டெக்ஸ். அதற்கும் மசியவில்லை என்றால் பெரிய சர்வர். இந்த இரண்டுக்கும் முன்னால் குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கிற கேள்வியை, எடுத்துப் பாருங்கள் என்பேன். பல சமயம் இண்டெக்ஸ் சும்மாதான் இருக்கும், நாம் கேள்வியை எழுதிய விதம்தான் அதைத் தொடவிடாமல் செய்திருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று புரிய, இண்டெக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஆர்டர்கள் என்று ஒரு டேபிள், அதில் 1 கோடி வரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஐடி, பயனர்_ஐடி, நிலை, தேதி, தொகை என்று ஃபீல்டுகள். தேதியில் மணி நிமிடமும் சேர்ந்தே இருக்கிறது. இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல்

செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்கள் வேர் பயனர்_ஐடி = 42

என்று கேட்டால், அந்தப் பயனருக்கு மொத்தமே 6 ஆர்டர்தான் இருந்தாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும். பயனர்_ஐடி மேல் ஓர் இண்டெக்ஸ் போட்டால், டேட்டாபேஸ் அந்த ஃபீல்டின் மதிப்புகளை மட்டும் தனியாக எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இதற்கான வரி டேபிளில் இன்ன இடத்தில் இருக்கிறது" என்ற குறிப்பையும் வைத்துக்கொள்கிறது. அடுக்கி வைத்த ஒரு நகல், அவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போகிற எல்லாமே அந்த 'அடுக்கி வைத்த' என்பதிலிருந்து வருகிறவைதான்.

அந்த அடுக்கு ஒரே நீளப் பட்டியலாக இல்லாமல் மரம் போலக் கிளை பிரிந்து இருக்கும். பி-ட்ரீ என்பார்கள். போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய அமைப்பு. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூலைட் எல்லாம் இன்றைக்கும் வழக்கமாகப் போடுகிற இண்டெக்ஸ் இதன் வாரிசுதான். டேட்டாபேஸ் டிஸ்கிலிருந்து படிப்பது பக்கம் பக்கமாக: போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கேபி, மைஎஸ்க்யூஎல் வழக்கமாகத் தரவைச் சேமிக்கிற இன்னோடிபியில் 16 கேபி. ஒரு பக்கத்தில் சில நூறு மதிப்புகள் அடங்கிவிடும். 300 என்றே வைத்துக்கொண்டால், மூன்றே அடுக்கில் 300 × 300 × 300, அதாவது 2 கோடியே 70 லட்சம் மதிப்புகளை எட்டிவிடலாம். நம் 1 கோடி வரியில் ஒன்றைக் கண்டுபிடிக்க இண்டெக்ஸில் 3 பக்கம், டேபிளில் 1 பக்கம் படித்தால் வேலை முடிந்தது.

இந்த வித்தை நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் "நான் தேடுவது இதைவிடச் சிறியதா, பெரியதா?" என்ற கேள்விக்கு டேட்டாபேஸால் பதில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் சரியான கிளையில் இறங்கும். முடியாவிட்டால் எல்லாக் கிளையிலும் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு டேபிளையே நேராகப் படித்துவிடலாம்.

ஃபீல்டை அப்படியே விடுங்கள்

2024-ல் வந்த ஆர்டர்கள் வேண்டும். தேதி மேல் இண்டெக்ஸ் இருக்கிறது. கை தானாக எழுதுவது இப்படித்தான்:

வேர் இயர்(தேதி) = 2024

படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் இண்டெக்ஸ் அடுக்கப்பட்டிருப்பது தேதியின்படி, இயர்(தேதி) என்பதன்படி இல்லை. தேதி ஏற ஏற வருடமும் ஏறும் என்பது நமக்குத் தெரியும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை இயர் என்பது உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத ஒரு ஃபங்ஷன். ஆகவே 1 கோடி வரிக்கும் அந்த ஃபங்ஷனை ஓட்டி, வரும் விடையை 2024-ஓடு ஒப்பிடும். இதையே

வேர் தேதி >= '2024-01-01' ஆண்ட் தேதி < '2025-01-01'

என்று எழுதினால் இண்டெக்ஸில் முதல் தேதிக்கு நேராக இறங்கி, அங்கிருந்து வரிசையாக நடந்து, இரண்டாவது தேதி வந்ததும் நின்றுவிடும். இங்கே பிட்வீன் போட்டு '2024-12-31' என்று முடிக்கிறவர்கள் உண்டு. மணியும் சேர்ந்த ஃபீல்டு என்பதால் அது டிசம்பர் 31 நள்ளிரவு 00:00-ஓடு நின்றுவிடும், அன்றைக்குப் பகல் முழுவதும் வந்த ஆர்டர்கள் கணக்கில் வராது. வேகத்தை விடுங்கள், விடையே தப்பு. அதனால் தேதிக்கு எப்போதும் மேலே உள்ள மாதிரி, தொடக்கம் சேர்த்தும் முடிவு சேர்க்காமலும் எழுதிப் பழகுவது நல்லது. சில டேட்டாபேஸ்களின் புதிய பதிப்புகள் இந்த மாதிரித் தேதி ஃபங்ஷன் சிலவற்றைத் தாங்களாகவே புரிந்துகொண்டு மாற்றிக்கொள்கின்றன, ஆனால் அதை நம்பிக் குவெரி எழுத வேண்டாம்.

கணக்கு போடும் இடங்களிலும் இதே கதைதான். தொகை * 1.1 > 1000 என்பதைவிட தொகை > 1000 / 1.1 என்று எழுதுங்கள். கணக்கை ஃபீல்டு பக்கத்திலிருந்து மாறாத எண் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால், அந்தக் கணக்கு ஒரே தடவை நடக்கும், ஃபீல்டு வெறுமையாக நிற்கும், இண்டெக்ஸ் வேலை செய்யும்.

தள்ள முடியாத இடமும் உண்டு. மின்னஞ்சலைப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமல் தேட வேண்டும், அதனால் லோயர்(மின்னஞ்சல்) = '...' என்று எழுதுகிறோம். போஸ்ட்கிரெஸில் லோயர்(மின்னஞ்சல்) என்ற அந்த வெளிப்பாட்டின் மேலேயே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளலாம், மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13 பதிப்பிலிருந்து இது முடியும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) ஏற்கெனவே பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, அங்கே இந்த லோயரே தேவையில்லை. போஸ்ட்கிரெஸுக்கு எழுதியதை அப்படியே எடுத்துவந்து ஒட்டி, நன்றாக ஓட வேண்டிய இண்டெக்ஸைக் கொன்றுவிடுகிறார்கள்.

இவற்றிலெல்லாம் மோசமானது கண்ணுக்கே தெரியாத ஃபங்ஷன். ஃபோன் நம்பரை எழுத்தாக, அதாவது வார்கேர் வகையில் வைத்திருக்கிறீர்கள், குவெரியில் மேற்கோள் குறி போடாமல் எண்ணாக எழுதிவிட்டீர்கள். மைஎஸ்க்யூஎல் இரண்டையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும், அதாவது ஃபீல்டில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் மாற்ற வேண்டும். '42', '042', ' 42' மூன்றுமே எண்ணாக்கினால் 42-தான், ஆனால் எழுத்துகளாக அடுக்கிய இண்டெக்ஸில் அவை மூன்றும் வெவ்வேறு மூலையில் கிடக்கும். அதனால் இண்டெக்ஸ் உதவாது. இதற்கு எதிர்ப்பக்கம், எண் ஃபீல்டை '42' என்ற எழுத்தோடு ஒப்பிட்டால் பிரச்சினை இல்லை, அந்த ஒரே ஒரு மதிப்பை மாற்றினால் போதும். போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் கறார்: வகை பொருந்தவில்லை என்று நேராகப் பிழை காட்டிவிடும், அது நல்லதற்குத்தான். குவெரியை நாமே எழுதாமல் ஏதாவது லைப்ரரி எழுதிக்கொடுக்கிறது என்றால், அது எந்த வகையில் மதிப்பை அனுப்புகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சொல்லின் ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேடுகிற லைக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அகராதியில் 'கட' என்று தொடங்கும் சொற்களை நொடியில் எடுக்கலாம், 'டம்' என்று முடியும் சொற்களை எடுக்க முழு அகராதியையும் புரட்ட வேண்டும். லைக் 'கட%' வேகம், லைக் '%டம்' மெதுவு, காரணம் அதேதான். போஸ்ட்கிரெஸில் மட்டும் ஒரு சின்ன விஷயம்: சி என்ற லொக்கேலை (எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற மொழி அமைப்பை) தவிர வேறு எதில் டேட்டாபேஸ் இருந்தாலும், லைக் 'கட%' கூட சாதாரண இண்டெக்ஸைத் தொடாது, இண்டெக்ஸ் போடும்போதே டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்று குறிப்பிட வேண்டும். நடுவில் எங்கிருந்தாலும் தேட வேண்டும் என்றால் அதற்கு டிரைகிராம், ஃபுல் டெக்ஸ்ட் என்று வேறு வகை இண்டெக்ஸ்கள் இருக்கின்றன, பி-ட்ரீயோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டு ஃபீல்டுக்கு ஓர் இண்டெக்ஸ்

அதிகம் குழம்புகிற இடம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம். (பயனர்_ஐடி, தேதி) என்று இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் போட்டால் அது எப்படி அடுக்கப்படும்? முதலில் பயனர்_ஐடி. ஒரே பயனர்_ஐடி உள்ளவை பக்கத்து பக்கத்தில் வந்த பிறகு, அவற்றுக்குள் தேதி வாரியாக. இப்படி இருக்கும்:

41, 2024-03-02
41, 2024-09-17
42, 2023-12-30
42, 2024-01-05
42, 2024-06-11
43, 2022-08-08

இந்த ஆறு வரியையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள், எந்தக் குவெரி ஓடும் எது ஓடாது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பயனர் 42 மட்டும் வேண்டுமா? ஒன்றாக இருக்கிறார்கள், சுலபம். பயனர் 42, 2024 ஜனவரிக்குப் பிறகு? அதுவும் ஒரே தொடர்ச்சியான துண்டு. 2024 ஜனவரிக்குப் பிறகு வந்தவை, பயனர் யாராக இருந்தாலும் சரி? இப்போது தேதி நெடுக ஏறி இறங்கி, கலைந்து கிடக்கிறது; ஒவ்வொரு பயனருக்குள்ளும்தான் அது ஒழுங்காக இருக்கிறது. இடதுபக்கம் முதலில் உள்ள ஃபீல்டைக் குவெரியில் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் இண்டெக்ஸ் பெரிதாக உதவாது என்பது இதனால்தான். ஆரக்கிளில் வெகுகாலமாகவும், மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13-லிருந்தும், போஸ்ட்கிரெஸில் 18-ஆம் பதிப்பிலிருந்தும் ஸ்கிப் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, முதல் ஃபீல்டின் ஒவ்வொரு மதிப்பாகத் தாவித் தாவித் தேடும். முதல் ஃபீல்டில் நான்கைந்து வெவ்வேறு மதிப்புதான் என்றால் பரவாயில்லை, லட்சக்கணக்கில் பயனர்கள் இருந்தால் அது தாங்காது.

ஃபீல்டுகளை எந்த வரிசையில் போடுவது? "அதிகம் வேறுபடும் ஃபீல்டை முதலில் வை" என்று ஓர் அறிவுரை ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குவெரி எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சமக்குறி போட்டுக் கேட்கிற ஃபீல்டுகள் முதலில், பெரியது சிறியது என்று எல்லை போட்டுக் கேட்கிறவை அதற்குப் பிறகு. (தேதி, பயனர்_ஐடி) என்று திருப்பிப் போட்டு, தேதி > '2024-01-01' ஆண்ட் பயனர்_ஐடி = 42 என்று கேட்டுப் பாருங்கள்: அந்தத் தேதிக்குப் பிறகு வந்த அத்தனை பேரின் ஆர்டர்களையும் இண்டெக்ஸில் கடந்து போய்த்தான் 42-ஐப் பொறுக்க முடியும். முன்பு சொன்ன வரிசையில் அது நேரே அந்தச் சின்னத் துண்டுக்குப் போய்விடும். இரண்டு ஃபீல்டிலுமே சமக்குறிதான் என்றால் எது முதலில் வந்தாலும் அந்தக் குவெரிக்கு வித்தியாசமே இல்லை. அப்போது வேறு எந்தக் குவெரிகள் இந்த இண்டெக்ஸைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆர்டர் பை இருக்கும்போது இந்த அடுக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். பயனர் 42-இன் கடைசி 10 ஆர்டர்கள் வேண்டும் என்றால், (பயனர்_ஐடி, தேதி) இண்டெக்ஸில் 42-இன் கடைசி முனைக்குப் போய், பின்பக்கமாக 10 அடி நடந்தால் முடிந்தது. வரிசைப்படுத்தும் வேலையே கிடையாது. பயனர்_ஐடி மேல் ஒன்று, தேதி மேல் ஒன்று என்று தனித்தனியாக இரண்டு இண்டெக்ஸ் இருந்தால் இந்தப் பலன் கிடைக்காது, அதையும் இதையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள்.

செலக்ட் * என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். குவெரி கேட்கிற எல்லா ஃபீல்டும் இண்டெக்ஸிலேயே இருந்தால், டேபிளை எட்டிப் பார்க்காமலே பதில் சொல்லிவிட முடியும். பயனர்_ஐடியும் தேதியும் மட்டும் போதும் என்று கேட்டால் மேலே உள்ள இண்டெக்ஸ் தானே முழுப் பதிலையும் தந்துவிடும். நட்சத்திரக் குறி போட்டால் ஒவ்வொரு வரிக்கும் டேபிளுக்கு ஒரு நடை. 6 வரிக்கு அது ஒரு விஷயமே இல்லை, 60,000 வரிக்கு விஷயம்தான். போஸ்ட்கிரெஸில் இது 9.2 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஒழுங்காக ஓடியிருந்தால்தான் முழுப் பலன்.

போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) வைத்தால் அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் தானாக வராது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். இன்னோடிபியில் வந்துவிடும். ஜாயின், அதாவது இரண்டு டேபிளைச் சேர்த்துக் கேட்பது, மெதுவாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் தொடவில்லை

குவெரி ஒழுங்காக இருக்கிறது, இண்டெக்ஸும் பொருத்தமாக இருக்கிறது, ஆனாலும் டேட்டாபேஸ் முழு டேபிளையும் படிக்கிறது. சில நேரம் அதுதான் சரி! நிலை = 'முடிந்தது' என்று கேட்கிறீர்கள், பத்தில் ஒன்பது ஆர்டர் முடிந்தவைதான் என்றால், இண்டெக்ஸ் வழியாகப் போய் டேபிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவிப் படிப்பதைவிட, டேபிளை ஒரே மூச்சில் படிப்பது மலிவு. போஸ்ட்கிரெஸ் கணக்குப் போடும்போது வரிசையாக ஒரு பக்கம் படிக்கச் செலவு 1 என்றும், தாவி ஒரு பக்கம் படிக்க 4 என்றும் வைத்துக்கொள்கிறது. இவை மாற்றக்கூடிய அளவுகள், எஸ்எஸ்டி டிஸ்க் வைத்திருப்பவர்கள் இரண்டாவதைக் குறைப்பது வழக்கம். அதே ஃபீல்டில் நிலை = 'நிலுவை' என்று கேட்டு, அது ஆயிரத்தில் ஒன்று என்றால், இண்டெக்ஸ் பிரமாதமாக ஓடும். இந்த மாதிரி இடத்தில் நிலுவை வரிகளுக்கு மட்டும் ஒரு பகுதி இண்டெக்ஸ் போடலாம், போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூலைட்டும் அனுமதிக்கும். ரொம்பச் சின்னதாக இருக்கும், முடிந்த ஆர்டர்களின் சுமையைத் தூக்காது.

எது எத்தனை இருக்கிறது என்று டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? மாதிரி எடுத்துப் புள்ளிவிவரம் வைத்திருக்கிறது. நிறைய வரிகளை ஒரே மூச்சில் ஏற்றிய கையோடு குவெரி விசித்திரமாக நடந்துகொண்டால் அந்தப் புள்ளிவிவரம் பழையதாகிவிட்டது என்று அர்த்தம், அதைப் புதுப்பிக்கிற அனலைஸை ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

ஆர் ('அல்லது') போட்டு இரண்டு வெவ்வேறு ஃபீல்டைக் கேட்டால் இரண்டுக்குமே இண்டெக்ஸ் இருக்க வேண்டும், ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் முழு டேபிள்தான். ஒரே ஃபீல்டுக்குள் ஆர் என்றால் அது இன் போட்ட மாதிரிதான், கவலை இல்லை.

பக்கம் பக்கமாகக் காட்டும் இடங்களில் ஆஃப்செட் 100000 லிமிட் 20 என்று வரும். இண்டெக்ஸுக்கு வரிசை தெரியும், எண்ணிக்கை தெரியாது. 1 லட்சமாவது வரி எங்கே என்று நேராகத் தாவ முடியாமல், 1 லட்சத்தையும் கடந்து, தூக்கிப்போட்டு, அப்புறம் 20-ஐக் கொடுக்கும். இதற்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய வரியின் தேதியையும் ஐடியையும் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு அடுத்த 20" என்று கேளுங்கள்:

வேர் (தேதி, ஐடி) < ('2024-06-11 10:30:00', 98120) ஆர்டர் பை தேதி டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 20

(தேதி, ஐடி) மேல் இண்டெக்ஸ் இருந்தால் எத்தனையாவது பக்கம் போனாலும் ஒரே வேகம். ஐடியைச் சேர்ப்பது ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆர்டர்களில் ஒன்று விட்டுப்போகாமல் இருக்க. மைஎஸ்க்யூஎல் இந்த ஜோடி ஒப்பீட்டை இண்டெக்ஸோடு சரியாகச் சேர்த்துக்கொள்வதில்லை, அங்கே தேதி < என்றும், தேதி = ஆனால் ஐடி < என்றும் பிரித்து எழுத வேண்டும். "137-ஆம் பக்கத்துக்குப் போ" என்ற பொத்தான் மட்டும் இதில் முடியாது. அந்தப் பொத்தானை யாராவது அழுத்துகிறார்களா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் போட்டால் டேட்டாபேஸே தன் திட்டத்தைச் சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸில் 'சீக் ஸ்கேன்' என்றால் முழு டேபிளும், மைஎஸ்க்யூஎல்லில் டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்றாலும் அதேதான். மைஎஸ்க்யூஎல்லில் அந்த இடத்தில் 'இண்டெக்ஸ்' என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், முழு இண்டெக்ஸையும் தலையிலிருந்து வால் வரை படிக்கிறது என்று பொருள். 'ரெஃப்', 'ரேஞ்ச்' என்று வந்தால் நல்லது. போஸ்ட்கிரெஸில் 'இண்டெக்ஸ் கண்டிஷன்' என்ற இடத்தில் வருவது இண்டெக்ஸ் வைத்துத் தேடியது, 'ஃபில்டர்' என்ற இடத்தில் வருவது எடுத்த பிறகு கழித்துக்கட்டியது. எத்தனை வரி கழிக்கப்பட்டது என்ற எண் பெரிதாக இருந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்க எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் வேண்டும், அது குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலிட்டுக்கு முன்னால் போட்டால் நிஜமாகவே அழித்துவிடும், அதனால் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்து, நடந்ததைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். இன்னொன்று, 50 வரி உள்ள டெஸ்ட் டேபிளில் எக்ஸ்ப்ளெயின் பார்த்துப் பயனில்லை, அவ்வளவு சின்ன டேபிளை எப்படியும் முழுதாகத்தான் படிக்கும்.

அப்படியானால் எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஒவ்வொரு இன்சர்ட்டிலும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும், 8 இண்டெக்ஸ் இருந்தால் 8 இடம், அத்தனையும் டிஸ்கிலும் மெமரியிலும் இடம் பிடிக்கும். (பயனர்_ஐடி, தேதி) இருக்கும்போது பயனர்_ஐடிக்குத் தனியாக இன்னொன்று பெரும்பாலும் வீண், ஆனால் பழைய டேபிள்களில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ் என்ற வியூவில் எந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்று தெரியும். அங்கே 0 என்று இருப்பதைப் பார்த்தவுடன் அழித்துவிடாதீர்கள்: யூனிக் இண்டெக்ஸ் தேடலுக்குப் பயன்படாவிட்டாலும் இரட்டை வரி வராமல் காத்துக்கொண்டிருக்கும், ரெப்ளிகாவில், அதாவது டேட்டாபேஸின் நகல் சர்வரில், ஓடுகிற குவெரிகளின் கணக்கு அந்த ரெப்ளிகாவில்தான் இருக்கும், மாதம் ஒரு முறை ஓடுகிற ரிப்போர்ட் இன்னும் ஓடாமலே இருக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ஓர் இண்டெக்ஸை அழிக்காமலே குவெரிக்கு வழி தேர்ந்தெடுக்கிற ஆப்டிமைசரின் கண்ணிலிருந்து மறைத்து வைக்கலாம். ஒரு மாதம் மறைத்து வைத்து, யாரும் கத்தவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம்.